சபர் செல்பவரும் கடல்நீர்த் தொட்டியும்

முக்கூடலைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பீடித் தொழிலில் இருப்பவர். இலைக்கும் தூளுக்குமாக மாதத்தில் பாதி நாள் வடக்கே சுற்றி வரவேண்டிய நிலை. வீட்டு முன்கூடத்தில் 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் கடல்நீர் நிரப்பி, கோமாளி மீன் இரண்டும் நீல மீன் ஒன்றும் வளர்த்து வருகிறார். இவ்விதம் வளர்ப்பது ஆகுமானதா, தாம் ஊரில் இல்லாத நாட்களில் மீன் இறந்துபோனால் குற்றம் யார்மீது என்று கேட்கிறார். கடைசியில், வீட்டார் அலுத்துக் கொள்வதால் பேசாமல் ஆற்றில் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

மீன்தானே என்று தள்ளிவிடத் தக்க கேள்வியன்று இது. நம் பகுதியில் சபர் செல்லாத ஆண்மக்கள் இருக்கும் வீடுகள் குறைவு. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும், பெங்களூர், மும்பை, கேரளம் என்று வியாபாரத்திற்கு அலைகிறவர்களும் கிளியோ, புறாவோ, ஆடோ, மீனோ எதையாவது வீட்டில் விட்டுத்தான் போகிறார்கள். அவர் மீனுக்குச் சொல்லும் பதிலில் மற்றவர்களுக்கும் பங்குண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வளர்ப்பது கூடுமா என்பதை முதலில் முடித்து விடுவோம். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்ததும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்ததும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி. ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீதிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி ஏடே எழுதினார்கள் என்றால், அதன் பொருட்செறிவை உணரலாம். விளையாட்டுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஓர் உயிரை வீட்டில் வைத்துக் கொள்வது ஆகும் என்பதற்கு நம் இமாம்கள் இதனை ஆதாரமாகக் கொள்கின்றனர்.

பறவைகளைக் கூண்டில் அடைத்து அவற்றின் ஓசையைக் கேட்டு மகிழலாமா என்று இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அதற்குத் தேவையானதை உடையவன் கவனித்து வருவானாகில் கூடும், கட்டிப்போட்ட கால்நடையைப் போன்றதே அதுவும் என்று அவர்கள் தீர்ப்புக் கூறியதாக மின்ஹாஜின் விரிவுரைகளில் காணலாம். ஓசைக்காகப் பறவையை வைக்கலாம் என்றால் நிறத்துக்காக மீனை வைப்பதும் அவ்வாறே. ஆனால் அந்த அனுமதி ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. தேவையைக் கவனித்தல் என்ற தூண் சாய்ந்தால் அனுமதியும் சாய்ந்துவிடும்.

பூனையும் மீனும்

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட ஒரு பெண், அதன் காரணமாகவே வேதனைக்கு உள்ளானாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீதை நம் வீடுகளில் குழந்தைகளும் அறிவார்கள். அந்த ஹதீதில் அவள்மீது சுமத்தப்படும் குற்றம் இரண்டு பகுதியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவள் உணவளிக்கவில்லை என்பது ஒன்று. பூமியில் உள்ள சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்று பிழைத்துக் கொள்ளும்படி அவிழ்த்து விடவுமில்லை என்பது மற்றொன்று. ஆகவே பூனையை வைத்திருப்பவனுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. சோறு போடலாம், இயலாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விடலாம்.

முக்கூடலில் கடல் மீனை வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழி அடைபட்டிருக்கிறது.

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கிச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்தில் உப்பும் நன்னீரும் கலக்குமிடத்தில் மடவை, கொடுவா போன்ற மீன்கள் இருபுறமும் சென்று வரும். அவற்றின் உடலமைப்பு அப்படி. பவளப்பாறைகளில் வாழும் கோமாளி மீனுக்கு அந்த ஆற்றல் கிடையாது. கடல் மீனின் உடலிலுள்ள நீரைவிடக் கடல்நீரில் உப்பு அதிகம். ஆதலால் அதன் உடலிலிருந்து நீர் சதா வெளியேறிக் கொண்டேயிருக்கும். அது கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே கழித்து உயிர் வாழ்கிறது. அதனை நன்னீரில் விட்டால் எல்லாம் தலைகீழாகும். உடலுக்குள் நீர் புகுந்து கொண்டேயிருக்கும். உப்பு கரைந்து போய்விடும். அது சாவதற்கு அதிக நேரம் பிடிக்காது. நம் வாசலில் ஆறு ஓடுகிறது, அதுவும் தண்ணீர், இதுவும் தண்ணீர் என்று நினைத்து விடுதலை என்ற பெயரில் ஆற்றில் விடுவது, மீனைத் தரையில் போடுவதற்குச் சமம். எனவே கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு நம்முடைய பதில்: கூடாது.

விட முடியாத உயிரை வைத்திருப்பவனின் பொறுப்பு, விடக்கூடிய உயிரை வைத்திருப்பவனின் பொறுப்பைவிடக் கனமானது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக் கொள்கிறோம். இவ்வளவு சிறிய பிராணிக்கும் சட்டமுண்டா என்று சிலர் வியக்கலாம். மின்ஹாஜில் நபகாத் பாடத்தின் இறுதியில் கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவன்மீது கடமை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியதற்கு விரிவுரை வரைந்தவர்கள், பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை கொடுப்பதைக்கூட விட்டு வைக்கவில்லை. தேன் எடுப்பவன் கூட்டில் தேனீக்களுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஹனபீ மத்ஹபிலும் உடையவன் அல்லாஹ்வுக்கும் தனக்கும் இடையில் இக்கடமைக்கு உட்பட்டவனே. காழி அவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில்தான் பேச்சு. இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள்.

உப்பு எங்கும் போவதில்லை

இனி, மீனுக்குத் ‘தேவையானது’ எது? ஆட்டுக்குத் தழை, மாட்டுக்கு வைக்கோல் என்பது போல மீனுக்கு இரை என்று பலரும் எண்ணுகிறார்கள். கடல்நீர்த் தொட்டியில் இரை இரண்டாம் பட்சம். நீரே முதன்மையானது. மாடு பசித்தால் கத்தும். நாயகம் (ஸல்) அவர்களிடம் ஓர் ஒட்டகம் தன் எசமானனைப் பற்றி முறையிட்ட வரலாறு அபூதாவூதில் உள்ளது. மீனுக்குக் குரலில்லை. தண்ணீர் கெட்டது நமக்குத் தெரியும்போது மீன் மேலே மிதக்கும். ஆகையால் வளர்ப்பவர் நீரின் கணக்கை அறிந்திருத்தல் அவசியமாகிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 100 லிட்டர் தொட்டியில் 3,500 கிராம். பங்குனி, சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக் கொள்வோம். பத்து நாளில் 10 லிட்டர் குறையும். போவது தண்ணீர் மட்டுமே. உப்பு ஒரு கிராமும் போகாது. மிச்சமுள்ள 90 லிட்டரில் அதே 3,500 கிராம் நின்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம் ஆகிவிடும். இங்கேதான் வீட்டார் அறியாமல் இடறுகிறார்கள். கடல் மீனாயிற்றே என்று, குறைந்த 10 லிட்டருக்கும் உப்பு நீரையே ஊற்றுகிறார்கள். அதில் 350 கிராம் உப்பு சேர்ந்து மொத்தம் 3,850 ஆகிறது. ஒவ்வொரு முறையும் இப்படியே ஏறினால் நல்ல எண்ணத்தோடு செய்த காரியமே மீனைக் கொன்றுவிடும். ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது நன்னீர். வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர் கிடைத்தால் அதுவே மேல். குழாய்த் தண்ணீராயின் அதிலுள்ள குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்ற வேண்டும். உப்பு நீர் சேர்ப்பது, அழுக்குத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதிது மாற்றும்போது மட்டுமே. உப்பின் அளவைக் காட்ட ஹைட்ரோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. பால்காரர் பாலில் விட்டுப் பார்ப்பாரே, அதைப் போன்றது. அது 1.025-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

தூத்துக்குடி உப்பு நமக்குப் பக்கம்தானே, அதைக் கரைத்து ஊற்றலாமே என்று கேட்பவரும் உண்டு. உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நீரை முற்றவிடும்போது சுண்ணாம்புச் சத்து முன்னதாகப் படிந்து விடுகிறது. பிறகு உப்பு விளைகிறது. மக்னீசியம் முதலியவை எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. நாம் சோற்றில் போடுவது கடலின் ஒரு பகுதியே தவிர முழுக்கடலன்று. தொட்டிக்கென்றே கலந்து விற்கப்படும் உப்பை வாங்கிக் கரைக்க வேண்டும்.

இரை விஷயத்தில் நம் பெண்மக்களின் இரக்கம் அளவு கடந்து விடுவதுண்டு. ‘வாப்பா ஊரில் இல்லை, பாவம் மீன்கள்’ என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி போடுவார்கள். தின்னாத இரை அடியில் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகிறது. கண்ணுக்குத் தெரியாத நற்கிருமிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஆகவே தொட்டி அமைத்த இரண்டாம் வாரம் சபர் புறப்படுவதும், புறப்படுமுன் புதிய மீன் வாங்கிப் போட்டுவிட்டுப் போவதும் பொறுப்பற்ற செயல்கள். நலமாக உள்ள வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் இரையின்றி இருந்தால் இறப்பதில்லை. மிகுதியாகப் போட்டால்தான் ஆபத்து.

இதில் ஒரு பிக்ஹு நுட்பமும் அடங்கியுள்ளது. அமானத்தாக ஒப்படைக்கப்பட்ட பிராணிக்குத் தீனி போடாமல் விட்டவன் ஈடு கொடுக்க வேண்டும்; உடையவனே போடவேண்டாம் என்று தடுத்திருந்தால், சரியான சொல்லின்படி ஈடு இல்லை என்பது மின்ஹாஜின் சட்டம். ஈடு இல்லையாயினும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓர் உயிரைப் பட்டினி போடுவது பாவம் என்று அறிஞர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். அப்படியானால் ‘வெள்ளிக்கிழமை வரை இரை போடாதே’ என்று சொல்லிச் செல்பவர் பாவத்தை ஏவுகிறாரா? இல்லை. சட்டத்தின் காரணம் வயிறு நிரம்புவதன்று, உயிர் கெடாமல் காப்பது. மாட்டைப் பட்டினி போடுவது அதைக் கெடுக்கும். மீனுக்கு ஒரு நாள் இரையை நிறுத்துவது அதைக் காக்கும். எனவே அந்தச் சொல் பராமரிப்பின் ஒரு பகுதியே.

காற்றும் சூடும் மிச்சம். சூடான நீரில் காற்று குறைவாகவே கரையும். உப்பு நீரில் இன்னும் குறைவு. நம் திருநெல்வேலிக் கோடையில் மின்சாரம் நின்று மோட்டாரும் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது, சபர் செல்பவருக்கு ஆடம்பரமன்று, அவசியம். நீரின் சூடு 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நலம். மேலே மின்விசிறி ஓடினால் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும்; ஆனால் தண்ணீரும் விரைவில் குறையும், மேற்சொன்ன கணக்கு ஞாபகத்தில் இருக்கட்டும். உப்பு நீரில் மின்சாரம் எளிதில் பாயும். வயரில் வழியும் துளி பிளக்கினுள் இறங்காதவாறு வயரைத் தாழ்வாக வளைத்துத் தொங்கவிட்டு, பிளக்கை உயரத்தில் வைக்க வேண்டும். ஈரக்கையோடு தொடக்கூடாது, கையை உள்ளே விடுமுன் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது மீனைக் காட்டிலும் முக்கியம்.

யாரிடம் ஒப்படைப்பது

‘நான் இல்லாதபோது வீட்டில் பார்த்துக் கொள்வார்கள்’ என்று சகோதரர் எழுதியிருக்கிறார். யார் பார்த்துக் கொள்வார்கள்? மனைவியைக் குறிப்பிடுகிறார் என்றே தெரிகிறது. அந்தச் சகோதரி அலுத்துக் கொள்கிறார் என்பதும் அதே கடிதத்தில் உள்ளது. நாம் வெளிப்படையாகவே எழுதுகிறோம். கணவர் ஆசைக்கு வாங்கிய மீனின் பராமரிப்பு மனைவிமீது மார்க்கம் சுமத்திய கடமையன்று. பிள்ளைகள், சமையல், வயதான மாமியார், சில வீடுகளில் பீடி சுற்றும் வேலை ஆகிய அத்தனைக்கும் மேலாக இதையும் அவர் ஏற்றுக் கொண்டால் அது அவருடைய பெருந்தன்மை. ஏற்காவிட்டால் குறை சொல்ல இடமில்லை. மீன் அந்தச் சகோதரருடையது. பொறுப்பும் அவருடையதே. சபர் தொழுகையைச் சுருக்கித் தரும், நோன்பைப் பிற்படுத்தித் தரும். இந்தக் கடமையைத் தள்ளுபடி செய்ய அதில் சலுகையில்லை. தாம் இல்லாத நாட்களுக்கு ஒருவரை வக்கீலாக, அதாவது தம் இடத்தில் நின்று செய்பவராக, நியமித்துவிட்டுப் போவதே வழி.

அந்த வக்கீல் மனமுவந்து ஏற்றவராக இருக்க வேண்டும். செய்யத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். மச்சானோ, பக்கத்து வீட்டுப் பையனோ யாராயினும், புறப்படும் அன்று காலையில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனால் போதாது. ஒரு வாரம் முன்பாகவே அழைத்து, தாம் நின்று பார்க்க அவர் செய்யும்படி விட வேண்டும். நீர் நிற்க வேண்டிய உயரத்தைக் கண்ணாடியில் ஒரு கோடாகப் போட்டு, அதுவரை நன்னீர் ஊற்று என்று காட்டிவிட்டால் கருவியும் கணக்கும் அவருக்குத் தேவையில்லை. இரையை நாளுக்கு ஒரு பொட்டலமாக மடித்து, தேதி எழுதி வைக்கலாம். பீடி கட்டும் ஊரில் பொட்டலம் மடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. பொட்டலம் இல்லாத நாள் இரையில்லாத நாள் என்று பிள்ளைகளுக்கும் விளங்கிவிடும். மிச்சமுள்ள டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது உத்தமம். நீர் மாற்றும் வேலையைப் புறப்படுவதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே முடித்துக் கொள்ள வேண்டும். ஏதேனும் கோளாறு வந்தால் தாம் ஊரில் இருக்கும்போதே வரட்டும்.

செலவுக்கான பணத்தையும் கையில் கொடுத்துவிட்டே போக வேண்டும். தீனி தராமல் பிராணியை ஒப்படைத்திருந்தால், அமானத்தாளர் உடையவனிடமோ அவனுடைய வக்கீலிடமோ கேட்க வேண்டும், இருவரும் கிடைக்காதபோது காழியிடம் செல்ல வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. ராய்ப்பூரில் நிற்பவரைத் தொலைபேசியில் பிடித்து மோட்டாருக்குக் காசு கேட்கும் சங்கடத்தை ஒரு பையனுக்கு வைக்கலாமா?

இவ்வளவும் செய்து, அந்தப் பையனும் சொன்னபடி நடந்து, அதற்குப் பின்னும் மீன் இறந்துவிட்டால் அவனிடம் ஈடு கேட்க உரிமையில்லை. வீடு திரும்பியதும் அவனை ஏசுவது அநியாயம். அவன் சொன்னதைச் செய்யாமல் அலட்சியமாக விட்டிருந்தால்தான் ஈடு என்ற பேச்சே எழும். இறந்த மீன் கிடந்த தண்ணீர் ஆடையில் பட்டதால் தொழுகை கூடுமா என்று சில வீடுகளில் கவலைப்படுகிறார்கள். மீனின் சவம் சுத்தமானதே; அது பட்டதால் ஆடை அசுத்தமாகி விடாது.

எதை வைப்பது, எதை விடுவது

அடிக்கடி வெளியூர் செல்பவர் எவ்வளவு பெரிய தொட்டியும் எவ்வளவு குறைந்த மீனும் வைக்கிறாரோ அவ்வளவுக்கு நல்லது. பெருநீர் சீக்கிரம் கெடாது. சின்னத் தொட்டி மலிவு என்று வாங்குகிறவர்கள் நாள்தோறும் கவனிக்க வேண்டிய தொல்லையையும் சேர்த்து வாங்குகிறார்கள். கடல் சாமந்தி போன்ற நுணுக்கமான உயிர்கள் இவர்களுக்கு ஆகாதவை. கோமாளி மீன் கடலில் அதனோடு சேர்ந்து வாழ்ந்தாலும் தொட்டியில் அது இல்லாமலும் வாழும்.

மீன் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதும் நம் பொறுப்பே. பிலிப்பைன்ஸ் கடலில் 1960களிலிருந்தே சயனைடு நஞ்சைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கும் மீன்களைப் பிடிக்கும் பழக்கம் பரவியது. அந்த நஞ்சினால் பாறைகளும் மற்ற உயிர்களும் அழிந்தன. இப்போது கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை, மண்டபத்திலும் மையம் வைத்துள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் செப்பனிட்டிருக்கிறார்கள். அவ்வாறு பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. சபர் செல்பவருக்கு அதுவே தக்கது. பவளப்பாறை, கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவற்றை அழகுக்காகத் தேடக்கூடாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்களும் கடல் குதிரைகளும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. யாரோ கொண்டு வந்து கொடுத்த காய்ந்த பவளத்துண்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல நேரும்.

கோமாளி மீன் தொட்டியில் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தனை ஆண்டுகளுக்கு யார் பார்ப்பது? வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும் தட்டுப்பாடு இருக்கையில் மோட்டாருக்கும் உப்புக்கும் பணம் போவதானால், அது வேண்டுமா என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியே.

இவையெல்லாம் தம்மால் இயலாது என்று ஒருவர் முடிவு செய்தால் மார்க்கத்தில் அதற்கும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது. தீனியளிக்க மறுப்பவனிடம், உண்ணத்தகுந்த பிராணியாயின் விற்றுவிடு அல்லது தீனி கொடு அல்லது அறுத்துவிடு என்றும், மற்றதாயின் விற்றுவிடு அல்லது தீனி கொடு என்றும் காழி கட்டாயப்படுத்துவார். ஷாபிஈ மத்ஹபில் கடல் மீன் உண்ணத்தக்கதுதான். என்றாலும் விரல் நீளக் கோமாளி மீனைக் குழம்பு வைக்க யாரும் ஆசைப்படப் போவதில்லை! ஆகவே விற்பதோ, அன்பளிப்பாகக் கொடுப்பதோதான் மிச்சம். கொடுக்கிற இடத்திலும் ஏற்கெனவே கடல்நீர்த் தொட்டி வைத்துப் பழகியவராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வண்ணமீன் கடைகளில் விசாரித்தால் அத்தகையவர் கிடைக்கக்கூடும். மீனை அதன் தொட்டி நீரிலேயே, பையில் பாதிக்கு மேல் காற்று இருக்கும்படி கட்டி, வெயில் தாழ்ந்தபின் கொண்டு போக வேண்டும். புது இடத்தில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகே மீனை விட வேண்டும். காலியான தொட்டியின் உப்பு நீரை வயலிலோ, தென்னை மூட்டிலோ, ஆற்றுப்படித்துறையிலோ, கிணற்றடியிலோ கொட்டாமல், தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து சாக்கடையில் விட்டுவிடலாம்.